மூலிகைக்கு எதற்குப் பல்கலைக்கழகம்?

மேற்கு ஆப்பிரிக்க நாடான கானாவின் பெருநகரங்களில் ஒன்று குமாசி. அங்குள்ள க்வாமே என்க்ருமா அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2001-ஆம் ஆண்டு மூலிகை மருத்துவத்துக்கென்றே நான்காண்டு இளநிலைப் பட்டப்படிப்பு ஒன்றைத் தொடங்கியது. பார்மசி புலத்தின் கீழ் அது நடக்கிறது. படித்து முடித்தவர் மறுநாளே வைத்தியசாலை திறந்துவிட முடியாது; பயிற்சிக் காலத்தை முடித்து, உரிமத் தேர்விலும் தேற வேண்டும். பாட்டன் பூட்டன் காட்டிக்கொடுத்த பச்சிலையைக் கொடுக்க ஒரு பட்டம் தேவையா என்று ஒரு பக்கத்தார் கேட்பார்கள். நாட்டு வைத்தியத்துக்கு அறிவியல் கூடத்தில் நாற்காலி போடலாமா என்று மறுபக்கத்தார் கேட்பார்கள். இரண்டுமே நியாயமான கேள்விகள்தாம். ஆனால் இரு தரப்பாரும் மூலிகையைப் பற்றியே கேட்கிறார்கள். அதைக் கொடுக்கும் ஆளைப் பற்றிக் கேட்பதில்லை. எப்போது கொடுக்கக் கூடாது, எந்த நோயாளியை உடனே வேறிடம் அனுப்ப வேண்டும், தவறு நேர்ந்தால் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பவற்றை ஒருவருக்குக் கற்றுத்தருகிறதா என்பதை வைத்தே இந்தக் கல்வியை எடைபோட வேண்டும். அப்படி எடைபோட்டால், ஆப்பிரிக்காவில் இந்தக் கல்வி தேவை என்பதும், இன்றைக்கு அது பாதி வழியில் நிற்கிறது என்பதும் சேர்ந்தே தெரியும்.

ஆப்பிரிக்க மக்களில் 80 சதவீதத்தினர் மரபு மருத்துவத்தை நம்பியிருக்கிறார்கள் என்று பல அறிக்கைகளில் வாசிக்கிறோம். பல்லாண்டுகளாகக் கைமாறி வரும் அந்த எண்ணின் அடித்தளம் அத்தனை உறுதியானதல்ல; நாட்டுக்கு நாடு, நகரத்துக்குக் கிராமம், நோய்க்கு நோய் பயன்பாடு வேறுபடுகிறது. எண் எதுவானாலும், மூலிகை மருந்து அங்கே அன்றாட வாழ்வின் பகுதி என்பதில் ஐயமில்லை. கானாவில் சந்தைகளில் வேர்களும் பட்டைகளும் குவித்து விற்கப்படுகின்றன. புட்டியில் அடைத்த கஷாயங்களுக்கு வானொலியில் விளம்பரம் வருகிறது. வெளியூர்ப் பேருந்துக்குள் ஏறி நின்று மருந்தின் பெருமை பேசி விற்பவர்களும் உண்டு. ஒரே புட்டி மலேரியாவையும் மூட்டுவலியையும் ஆண்மைக் குறைவையும் தீர்க்கும் என்று சொல்லும்போது, அதை மறுத்துப் பேசத் தெரிந்த ஆள் அந்த இடத்தில் இருப்பதில்லை. ஆகவே மூலிகையை அனுமதிக்கலாமா, தடுக்கலாமா என்ற விவாதம் நடைமுறையை எட்டாத விவாதம். மக்கள் வாங்கிக் குடிக்கிறார்கள், நாளையும் குடிப்பார்கள். கொடுக்கிற கைக்கு என்ன தெரியும் என்பது மட்டுமே அரசும் பல்கலைக்கழகமும் மாற்றக்கூடிய விஷயம். 1978-இல் அல்மா ஆட்டாவில் வெளியான ஆரம்ப சுகாதாரப் பிரகடனமும், மரபு வைத்தியர்களைத் தேவைக்கேற்பச் சேர்த்துக்கொள்ளச் சொன்னபோது, தகுந்த பயிற்சி பெற்றவர்களாக அவர்கள் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் சொன்னது.

அந்தப் பயிற்சிக்குள் என்ன இருக்க வேண்டும் என்பதை மாலி நாட்டில் நடந்த ஓர் ஆராய்ச்சியைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். நம் ஊர்த் தரிசுகளிலும் சாலையோரங்களிலும் முள் நிறைந்த இலையும் மஞ்சள் பூவுமாக நிற்கும் பிரமதண்டு, குடியோட்டிப்பூண்டு என்றும் பெயர் கொண்டது, மெக்சிகோவிலிருந்து உலகெங்கும் பரவிய செடி. மாலியின் கிராமங்களில் மலேரியாக் காய்ச்சலுக்கு அதன் கஷாயத்தைக் குடிக்கிறார்கள். ஆராய்ச்சியாளர்கள் ஆய்வுக்கூடத்திலிருந்து தொடங்கவில்லை. காய்ச்சல் வந்தவர்கள் என்னென்ன மருந்து குடித்தார்கள், யார் குணமானார்கள் என்று முதலில் வீடு வீடாகக் கேட்டார்கள். பலன் தெரிந்தவற்றுள் பிரமதண்டைத் தேர்ந்து, அளவை மாற்றி மாற்றிக் கவனித்தார்கள். கடைசியாக, சிக்கலற்ற மலேரியா கொண்ட 301 நோயாளிகளை வைத்து, ஆர்ட்டிமிசினின் வகைக் கூட்டு மருந்தோடு இந்தக் கஷாயத்தை ஒப்பிட்டு 2010-இல் முடிவை வெளியிட்டார்கள். கஷாயம் குடித்தவர்களில் 89 சதவீதத்தினருக்கும், நவீன மருந்து எடுத்தவர்களில் 95 சதவீதத்தினருக்கும் இரண்டாம் கட்ட மருந்து தேவைப்படவில்லை. நவீன மருந்தே சற்று முன்னே நிற்கிறது. ஆனாலும் மருந்துக்கடை எட்டாத கிராமத்தில் முதலுதவியாகக் கஷாயத்துக்கு ஓரிடம் இருக்கலாம் என்று சொல்ல இந்தச் சான்று இடம் தருகிறது.

இதே செடியின் விதை கடுகைப் போலவே இருக்கும். அதன் எண்ணெய் கடுகெண்ணெயில் கலந்ததால் 1998-இல் டெல்லியில் உடல் வீங்கும் நீர்க்கோவை நோய் பரவிப் பலர் இறந்தார்கள். இலையும் தண்டும் ஓரிடத்தில் மருந்து, விதை இன்னோரிடத்தில் விஷம். எந்தச் செடி, அதன் எந்தப் பாகம், எந்தப் பருவத்தில் பறித்தது, எப்படிக் காய்ச்சியது, எத்தனை நாள், எந்த வயதினருக்கு என்ற ஆறு கேள்விகளில் ஒன்று தவறினாலும் மருந்து மருந்தாக இருக்காது. தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நடால் பகுதியில் இம்பிலா என்ற கிழங்கு இதற்கு இன்னும் கொடிய சான்று. ஜூலு மக்களின் மரபு மருந்துகளில் நெடுங்காலமாக வழங்கிவரும் அது, கல்லீரலையும் சிறுநீரகத்தையும் தாக்கிக் குழந்தைகளைக் கொன்றிருப்பதை மருத்துவ இதழ்கள் பதிவு செய்திருக்கின்றன. இயற்கையானது, ஆகவே தீங்கற்றது என்ற நம்பிக்கையை இம்பிலா ஒன்றே உடைத்துவிடும். ஒரு பொருளைப் பல தலைமுறைகள் பயன்படுத்தியது, அதன் உடனடி விளைவுகளைப் பற்றி மரபுக்கு நல்ல அறிவைத் தரும். வாரங்கள் கழித்து மெல்ல வெளிப்படும் உறுப்புச் சேதத்தை அந்த மருந்தோடு பொருத்திப் பார்க்க மரபின் கண் மட்டும் போதாது. இரத்தப் பரிசோதனையும் பதிவேடும் வேண்டும்.

குமாசியின் பாடத்திட்டம் இந்த இடைவெளியை நிரப்பவே அமைந்தது. தாவரங்களை அடையாளம் காணுதல், அவற்றின் வேதிப்பொருள்கள், மருந்து தயாரிப்பு, தரச் சோதனை ஆகியவை ஒரு புறம். உடற்கூறு, உடலியங்கியல், நோயியல், நச்சியல், நோயாளியைப் பரிசோதிக்கும் முறை மறு புறம். இந்தச் சேர்க்கைக்கு கானாவில் ஒரு முன்வரலாறு உண்டு. எடின்பரோவில் நவீன மருத்துவம் படித்துத் திரும்பிய ஓகு அம்போஃபோ என்ற மருத்துவர், தலைநகர் அக்ராவுக்கு வடக்கே மாம்போங் என்ற மலையூரில் தொழில் நடத்தியபோது நாட்டு வைத்தியர்களோடு பழகி, அவர்களின் மருந்துகளை முறையாக ஆராய முற்பட்டார். அவர் முயற்சியில் உருவான தாவர மருந்து ஆராய்ச்சி மையம் 1975-இல் அரசு நிறுவனமாகச் சட்ட வடிவம் பெற்றது. நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவமனை, ஆய்வுக்கூடம், மருந்து தயாரிக்கும் பிரிவு, மூலிகைத் தோட்டம் நான்கும் அங்கே ஒரே வளாகத்தில் இயங்குகின்றன. வெளியில் தயாராகும் மூலிகை மருந்துகளைச் சோதித்துச் சொல்லும் இடமும் அதுவே. வகுப்பறையில் கற்ற மாணவர், செடி மருந்தாகி நோயாளியின் உடலுக்குள் போய் என்ன செய்கிறது என்பதை முழுவதுமாகப் பார்க்க அப்படியொரு களம் இன்றியமையாதது. களம் இல்லாமல் பட்டம் மட்டும் கொடுக்கும் நாட்டில் மூலிகை மருத்துவப் படிப்பு வெறும் தாவரவியலாகத் தேய்ந்துவிடும்.

நிபிமா என்ற கொடியின் கதை இந்தக் கல்வியின் கடினமான பகுதியைக் காட்டுகிறது. அதன் மஞ்சள் வேரை மலேரியாவுக்குக் கஷாயமாக்குவது கானாவின் மரபு. வேரிலுள்ள கிரிப்டோலெபின் என்ற காரப்பொருள் மலேரியாக் கிருமியை அடக்கும் என்பது ஆய்வுகளில் உறுதியானது; தேநீர்ப் பை வடிவில் மருந்தாக்கி நோயாளிகளிடம் சிறிய அளவில் சோதித்தும் பார்த்தார்கள். ஆனால் அதே பொருள் உயிரணுவின் மரபுப்பொருளோடு ஒட்டிக்கொள்ளும் இயல்புடையது. கிருமியைத் தாக்கும் குணமும், அளவு மீறினால் நம் உயிரணுக்களையே தாக்கக்கூடிய குணமும் ஒரே மூலக்கூறில் இருக்கின்றன. கர்ப்பிணிக்குக் கொடுக்கலாமா, வாரக்கணக்கில் தொடரலாமா என்ற கேள்விகளுக்கு மரபின் பதில் போதாமல் போவது இங்கேதான். மலேரியாவுக்கு அரைகுறை அளவில் மருந்து கொடுப்பதால் வரும் இன்னொரு ஆபத்தும் உண்டு: கிருமி மருந்துக்குப் பழகிவிடும். ஆர்ட்டிமிசினின் மருந்துக்கு மூலமான ஆர்ட்டிமிசியா செடியை வெறும் தேநீராகக் குடிப்பதை மலேரியா சிகிச்சையாக ஏற்க முடியாது என்று உலக சுகாதார நிறுவனம் 2012-இல் அறிவித்ததற்கு அளவு நிலையாக இல்லாமையும் இந்த அச்சமும் காரணங்கள். பயிற்சி பெற்ற மூலிகை வைத்தியர் இந்த வாதத்தை அறிந்திருக்க வேண்டும். காய்ச்சல் குழந்தை சுருண்டு விழும்போது கஷாயப் பானையை இறக்கி வைத்துவிட்டு மருத்துவமனைக்கு வண்டி பிடிக்கச் சொல்லவும் வேண்டும்.

படிப்பு முடிந்ததும் பட்டதாரி எங்கே போகிறார்? கானா 2000-ஆம் ஆண்டிலேயே மரபு மருத்துவத் தொழிலுக்குத் தனிச் சட்டம் இயற்றி, உரிமம் வழங்கும் மன்றத்துக்கு வழி செய்திருந்தது. 2010-களின் தொடக்கத்தில் சில அரசு மருத்துவமனைகளுக்குள்ளேயே மூலிகைப் பிரிவுகள் திறக்கப்பட்டு, இந்தப் பட்டதாரிகள் அமர்த்தப்பட்டார்கள். ஆப்பிரிக்காவில் துணிச்சலான ஏற்பாடுகளில் இது ஒன்று. நடைமுறையில் அது தடுமாறிய இடங்களையும் சொல்ல வேண்டும். நாட்டின் பொது மருத்துவக் காப்பீடு மூலிகைச் சிகிச்சையை ஏற்காததால் நோயாளி கையிலிருந்து பணம் கட்ட வேண்டியிருந்தது. பக்கத்து அறை மருத்துவருக்கு மூலிகைப் பாடத்தில் போதிய பயிற்சி இருக்கவில்லை. நோயாளியை மூலிகைப் பிரிவுக்கு அனுப்பும் வழக்கமும் இருக்கவில்லை. படித்து வருபவர்களின் எண்ணிக்கைக்கு ஏற்ற பணியிடங்களும் உருவாகவில்லை. ஒரே கூரையின் கீழ் இரண்டு மருத்துவங்கள் இருந்தன. நோயாளியின் சீட்டு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகவில்லை. பட்டத்தை ஏற்படுத்தியவர்கள் அந்தப் பட்டம் நுழைய வேண்டிய அமைப்பை மாற்றவில்லை என்பதே இதன் பாடம். மூலிகை வைத்தியருக்கு நவீன மருத்துவத்தின் அடிப்படை கற்பிக்கப்படும்போது, நவீன மருத்துவருக்கும் மருந்தாளுநருக்கும் மூலிகையின் அடிப்படை கற்பிக்கப்படாவிட்டால் உரையாடல் ஒருவழிப் பாதையாகவே இருக்கும்.

மருந்தாளுநரின் பங்கு இங்கே அதிகம் பேசப்படாத ஒன்று. நோயாளி பெரும்பாலும் இரண்டையும் சேர்த்தே எடுக்கிறார்: காலையில் இரத்த அழுத்த மாத்திரை, மாலையில் கஷாயம். மருத்துவர் கேட்பதில்லை, திட்டுவாரோ என்று நோயாளி சொல்வதுமில்லை. தென்னாப்பிரிக்காவில் எச்.ஐ.வி. நோயாளிகள் விரும்பி உண்ட, ஆப்பிரிக்க உருளைக்கிழங்கு என்று பெயர் பெற்ற கிழங்கின் சாறு, மருந்துகளைச் சிதைக்கும் கல்லீரல் நொதிகளின் வேலையைத் தடுத்ததாக ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டின. மனித உடலில் அந்த விளைவு எவ்வளவு என்பது தனியே பார்க்க வேண்டிய விஷயம். ஆனால் பார்க்க வேண்டும் என்று தோன்றுவதற்கே மருந்தாளுநருக்கு மூலிகை அறிவு வேண்டும். இதற்கான நூல்கள் இல்லாமல் இல்லை. ஆப்பிரிக்க மருந்துநெறித் தொகுப்பு 1985-இலும், கானாவின் மூலிகைத் தொகுப்பு 1992-இலும், மேற்கு ஆப்பிரிக்காவுக்கான மூலிகைத் தொகுப்பு 2013-இலும் வெளியாயின. செடியின் அடையாளம், கலப்படம் கண்டறியும் முறை, அளவு, எச்சரிக்கை எல்லாம் அவற்றில் உண்டு. அவை தேர்வுக்குரிய பாடமாகவும் மருந்துக்கடையின் மேசையில் புரட்டப்படும் கையேடாகவும் ஆகும்போதுதான் தொகுத்த உழைப்புக்குப் பலன் கிடைக்கும்.

பட்டப்படிப்பு எத்தனை சிறந்ததானாலும், இன்றைக்கு நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் பட்டதாரிகள் அல்லர். கிராமத்தில் தாயிடமோ மாமனிடமோ கற்றுத் தொழில் செய்யும் வைத்தியர்களே அங்கே பெரும்பான்மை. அவர்களை விட்டுவிட்டு இளைஞர்களை மட்டும் பயிற்றுவிப்பது, மருத்துவத்தின் எதிர்காலத்துக்குச் செய்யும் முதலீடாகலாம். இன்றைய நோயாளிக்கு அதனால் பயனில்லை. கிராம வைத்தியர்களைப் பயிற்றுவிப்பதற்கும் கானாவிலேயே முன்மாதிரி இருக்கிறது. 1979-இல் டெச்சிமான் என்ற ஊரில் ஒரு மிஷன் மருத்துவமனையை மையமாகக் கொண்டு நாட்டு வைத்தியர்களுக்கான ஆரம்ப சுகாதாரப் பயிற்சி தொடங்கியது. மூலிகைகளைச் சுத்தமாகத் தயாரித்துப் பாதுகாப்பது, வயிற்றுப்போக்கில் உடல் நீர் வற்றாமல் உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் கொடுப்பது, வலிப்பு வந்த குழந்தையைக் கையாள்வது போன்றவை கற்பிக்கப்பட்டன. எழுதப் படிக்கத் தெரியாதது தடையாக்கப்படவில்லை. உகாண்டாவில் எய்ட்ஸ் பரவியபோது, 1992-இல் தொடங்கிய தேட்டா என்ற அமைப்பு நாட்டு வைத்தியர்களையும் நவீன மருத்துவர்களையும் ஒரே மேசையில் உட்காரவைத்தது. வைத்தியர்கள் ஊரில் நோய்த்தடுப்பு ஆலோசகர்களானார்கள். குறுகிய காலப் பயிற்சியும் நான்காண்டுப் பட்டமும் ஒன்றுக்கொன்று மாற்றல்ல. பட்டதாரி மருந்தின் தரத்துக்குப் பொறுப்பேற்கட்டும். கிராம வைத்தியர் நோயாளியை நேரத்துக்கு அனுப்பிவைக்கும் பொறுப்பை ஏற்கட்டும். இரண்டுக்கும் தனித்தனி உரிமமும் தனித்தனி எல்லையும் வேண்டும்.

இனி எதிர்வாதங்கள். நிரூபிக்கப்படாத ஒன்றுக்குப் பட்டம் கொடுத்தால், நிரூபணம் முடிந்துவிட்டது என்ற மயக்கத்தைப் பட்டமே உண்டாக்கும் என்பது முதலாவது. இதைத் தள்ளிவிட முடியாது. தென்னாப்பிரிக்காவில் எய்ட்ஸ் உச்சத்தில் இருந்தபோது சுகாதார அமைச்சராக இருந்த மான்டோ சபலாலா-எம்சிமாங், பூண்டு, பீட்ரூட், ஆப்பிரிக்க உருளைக்கிழங்கு ஆகியவற்றின் பெருமையைப் பேசிக்கொண்டிருந்தார். உயிர்காக்கும் மருந்துகள் மக்களுக்குத் தாமதமாகவே கிடைத்தன. 2020-இல் மடகாஸ்கர் அதிபர் ஆண்ட்ரி ராஜோலினா ஒரு மூலிகை நீரைக் கொரோனாவுக்கு மருந்தென்று அறிமுகம் செய்தார்; மருத்துவச் சோதனை முடிவுகள் அப்போது முன்வைக்கப்படவில்லை. ஆனால் இந்த இரண்டு நிகழ்வுகளிலும் மேடையில் நின்றவர்கள் அரசியல் அதிகாரம் கொண்டவர்கள். தன் துறையின் சான்று எவ்வளவு தூரம் போகும், எங்கே நிற்கும் என்று சொல்லத் தெரிந்த, சொன்னால் கேட்கப்படுகிற தொழில்முறையாளர் குழு வலுவாக இருந்திருந்தால் அந்தப் பேச்சுகளை மறுக்க வீட்டுக்குள்ளிருந்தே குரல் எழுந்திருக்கும். பட்டத்தின் ஆபத்துக்கு மாற்று, பாடத்திட்டத்தில் ஆராய்ச்சி முறையையும் பக்கவிளைவைப் பதிவு செய்யும் கடமையையும் மையமாக வைப்பதுதான். நிரூபணமில்லாத மருந்தை நிரூபணமில்லாதது என்றே நோயாளியிடம் சொல்லப் பழகாத பட்டதாரியால் எதிர்வாதம் செய்பவர்கள் அஞ்சுவது உண்மையாகிவிடும்.

இரண்டாவது எதிர்வாதம் வைத்தியர்கள் பக்கமிருந்து வருகிறது. பல்கலைக்கழகம் தங்கள் அறிவை எடுத்துக்கொண்டு தங்களை வாசலில் நிறுத்திவிடும் என்பது அவர்கள் அச்சம். சித்த மருத்துவத்துக்குச் சுவடிகளும் பாடல்களும் உண்டு. ஆனால் ஆப்பிரிக்க மூலிகை அறிவின் பெரும்பகுதி வாய்வழியாகவே வந்தது. சொன்னவர் பெயர் எழுத்தில் இல்லாததால் எடுத்தவர் பெயரில் பதிவாகிவிடுவது எளிது. தென்னாப்பிரிக்காவின் பெலர்கோனியம் வேர் தொடர்பாக ஓர் ஐரோப்பிய நிறுவனம் பெற்ற காப்புரிமையை, அங்குள்ள சமூகம் ஒன்று எதிர்த்ததன் பேரில் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் 2010-இல் ரத்து செய்தது. நைஜீரியாவில் சோள இலை, கிராம்பு உள்ளிட்ட நான்கு பொருள்கள் சேர்ந்த அரிவாள் அணு இரத்தசோகை மருந்தின் முறையை ஒரு வைத்தியக் குடும்பம் அரசு ஆராய்ச்சி நிறுவனத்துக்குத் தந்தது. அதைத் தயாரிக்க உரிமம் பெற்ற அமெரிக்க நிறுவனம் 2008-இல் திவாலானது. முறையாக ஒப்பந்தம் போட்டாலும் பலன் உறுதியல்ல என்பதற்கு அது சான்று. இந்த அச்சத்துக்கு நேர்மையான பதில், வைத்தியரைப் பாடம் நடத்துபவராகவும் ஊதியம் பெறுபவராகவும் வகுப்பறைக்குள் கொண்டுவருவது. அறிவைப் பெறும் முன்பே பங்கு என்ன என்று எழுத்தில் சொல்வது. மூதாதையரின் அழைப்பையும் சடங்கையும் உள்ளடக்கிய குணமாக்கும் மரபைப் பார்மசி புலம் விழுங்க முயலவும் வேண்டாம். தென்னாப்பிரிக்காவின் 2007-ஆம் ஆண்டுச் சட்டம் குறிசொல்பவர், மூலிகை வைத்தியர், மருத்துவச்சி, விருத்தசேதனம் செய்பவர் என்று பிரித்தே அங்கீகரிக்கிறது. முந்தைய சட்டம், மக்கள் கருத்தைப் போதிய அளவு கேட்காமல் நிறைவேற்றப்பட்டது என்ற காரணத்தால் 2006-இல் அரசியல் சாசன நீதிமன்றத்தில் செல்லாமல் போனது.

ஆப்பிரிக்க ஒன்றியத்தின் முன்னோடி அமைப்பு 2001 முதல் 2010 வரையிலான ஆண்டுகளை மரபு மருத்துவப் பத்தாண்டாக அறிவித்தது. ஆண்டுதோறும் ஆகஸ்ட் 31 ஆப்பிரிக்க மரபு மருத்துவ நாளாகக் கொண்டாடப்படுகிறது. அறிவிப்புகளுக்குக் குறைவில்லை. இனி அந்த நாடுகள் எண்ண வேண்டியவை வேறு: ஓராண்டில் மூலிகை வைத்தியர்கள் எத்தனை நோயாளிகளை மருத்துவமனைக்கு அனுப்பினார்கள், எத்தனை பக்கவிளைவுகளைப் பதிவு செய்தார்கள், எத்தனை மருந்துகளைத் தரமில்லை என்று தடுத்தார்கள், எத்தனை நவீன மருத்துவர்கள் நோயாளியிடம் "என்ன கஷாயம் குடிக்கிறீர்கள்?" என்று கேட்கக் கற்றுக்கொண்டார்கள். குமாசி தொடங்கிவைத்த கல்வி இந்தக் கணக்குகள் ஏறும்போதுதான் தன் வேலையைச் செய்ததாகும். பட்டதாரிகளின் எண்ணிக்கை மட்டும் ஏறினால், பேருந்தில் புட்டி விற்பவரின் கழுத்தில் ஓர் அடையாள அட்டை கூடுதலாகத் தொங்கும். நோயாளிக்கு வேறெதுவும் மாறியிருக்காது.